ஸ்டோமா பை கசிகிறது, ஏழு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும்

அவிநாசி தையலகம்:

வணக்கம். எனக்கு வயது 46. வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம் ஆகிறது. வயிற்றின் வலப்பக்கம் இலியோஸ்டமி, அதாவது சிறுகுடலைத் தோல் வழியே வெளியே எடுத்து வாய் வைத்திருக்கிறார்கள். அந்த வாய்தான் ஸ்டோமா, மலம் அதிலிருந்து பையில் விழும். சில மாதம் கழித்து மூடிவிடலாம் என்றார் மருத்துவர். பை மாற்றுவதை மருத்துவமனையில் ஒரே ஒரு தடவைதான் காட்டினார்கள்.

முதல் மூன்று வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது பையைத் தாங்கத் தோலில் ஒட்டும் பிளேட்டை ஒட்டிய மறுநாளே ஓரம் ஈரமாகிவிடுகிறது. விலை கொடுத்து வாங்கியதை எறிய மனம் வராமல், மேலே டேப் ஒட்டி இன்னொரு நாள் ஓட்டுகிறேன். ஸ்டோமாவைச் சுற்றித் தோல் வெந்து, மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிகிறது. எரிச்சல் அடங்கத் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். பிளேட்டில் ஓட்டை வெட்டுவது மருத்துவமனையில் தந்த அட்டை அச்சை வைத்துத்தான், 38 மில்லிமீட்டர். இறுக்கிவிடக் கூடாதே என்று, ரவிக்கைக்குப் பிடிப்பு விடுவதுபோல் சுற்றிலும் கொஞ்சம் தாராளமாகவே வெட்டுகிறேன்.

வரும் 12ஆம் தேதி கும்பகோணத்தில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். நான் தூக்கி வளர்த்த பிள்ளை, போகாமல் இருக்க முடியாது. முந்தின நாளிலிருந்து சோறு தண்ணீர் இல்லாமல் இருந்தால் பை நிறையாதல்லவா? இந்தியக் கழிப்பறையில் எப்படிக் காலி செய்வது? வீட்டிலேயே மேலெல்லாம் தெறித்து, அழுதுகொண்டே குளித்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற செவிலியர், திருச்சி:

சகோதரி, முதலில் பட்டினி கிடக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். வெறும் வயிற்றிலும் குடல் சுரக்கும், காற்றும் சேரும். மலம் பெருங்குடல் வழியாகப் போகாததால் உங்கள் உடம்பு தண்ணீரையும் உப்பையும் கூடுதலாக இழக்கிறது. சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளானாலோ, கெண்டைக்கால் பிடித்து இழுத்தாலோ உடனே கவனிக்க வேண்டும். 1 லிட்டர் தண்ணீரில் கரைக்கும் ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்றைக் கலந்து கையில் வைத்துக்கொள்ளுங்கள். உப்புப் போட்ட கஞ்சியும் நல்லது. சோறும் வாழைப்பழமும் மலத்தைக் கொஞ்சம் கெட்டியாக்கும். கல்யாணச் சாப்பாட்டில் முருங்கைக்காய், தேங்காய்ச் சில்லு, சோளம் ஆகியவற்றை இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள், அடைத்துக்கொள்ளும்.

தோல் வெந்ததற்குக் காரணம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அறுவை சிகிச்சை முடிந்த ஆறு முதல் எட்டு வாரம் வரை ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும். முதல் வாரத்து அச்சு இன்றைக்குப் பொருந்தாது. போதாததற்குப் பிடிப்பும் விட்டிருக்கிறீர்கள். அந்த இடைவெளியில் தெரியும் தோலில் செரிமான நீர் நாள் முழுவதும் நிற்கிறது. சோற்றைக் கரைக்கிற நீர் தோலை விடுமா? இன்றே அளந்து பாருங்கள். உங்களுடையது நீள்வட்டமாக இருக்கக்கூடும், நீளம் அகலம் இரண்டையும் அளவெடுங்கள். சுற்றி 2 முதல் 3 மில்லிமீட்டர் விட்டால் போதும்.

தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. எண்ணெய்ப் பசையில் பிளேட் ஒட்டாது. வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றியெடுத்து, வெந்த இடத்தில் மட்டும் ஸ்டோமா பவுடர் தூவி, ஒட்டாமல் நிற்கும் தூளைத் தட்டிவிடுங்கள். முகப்பவுடர் வேண்டாம். பிளேட்டை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துச் சூடாக்கி ஒட்டிய பிறகு, இரண்டு மூன்று நிமிடம் கையால் அணைத்துப் பிடியுங்கள். விடிகாலையில் காப்பி குடிக்கும் முன் மாற்றினால் ஸ்டோமா அடங்கியிருக்கும். அரிப்பு வந்தாலோ கசிந்தாலோ பிளேட்டை மாற்றத்தான் வேண்டும். மேலே டேப் ஒட்டினால் மலத்தைத் தோலோடு சேர்த்துக் கட்டுவதாகிவிடும். துடைக்கும்போது துளி ரத்தம் கசிவது வழக்கம்தான். ஸ்டோமா கறுத்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னொன்று சொல்ல ஆசை. ஒட்டும் பை பிறந்ததே உங்களைப் போல் வெளியே போகப் பயந்த ஒரு பெண்ணுக்காக. 1954இல் டென்மார்க்கில் எலிசே சோரென்சென் என்ற செவிலியர், ஸ்டோமா வைத்த தன் சகோதரி தோரா வீட்டைவிட்டு இறங்கவே அஞ்சியதைப் பார்த்துத்தான் அதை யோசித்தார்.

முன்னாள் நடத்துநர், தேனி:

எனக்கு இடப்பக்கம் கொலோஸ்டமி, பெருங்குடலில் வைத்த ஸ்டோமா. பையோடுதான் கடைசி நான்கு வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தேன். மருந்து விஷயம் செவிலியர் அம்மா சொல்லிவிட்டார்கள்; பஸ், கழிப்பறை விஷயம் நான் சொல்கிறேன்.

பின் சக்கரத்துக்கு மேல் உட்காராதீர்கள். முன்பக்கம் கேளுங்கள், கொடுப்பார்கள். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டும். நிறைந்து தொங்கினால் எடையே பிளேட்டை இழுத்துவிடும். அதனால் கரூரிலும் திருச்சியிலும், தேவைப்பட்டாலும் படாவிட்டாலும், இறங்கிக் கட்டணக் கழிப்பறைக்குப் போய்விடுங்கள். வெட்டி வைத்த பிளேட் இரண்டு, பை இரண்டு, தண்ணீர் பாட்டில், டிஷ்யூ, குப்பைக்குக் கவர், மாற்றுச் சேலை, எல்லாம் மடியில் இருக்கும் பையில் இருக்கட்டும். வெயில் படும் இடத்தில் பிளேட்டை வைத்தால் பசை இளகிவிடும்.

பீங்கானில் முதலில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, மேலே டிஷ்யூ போடுங்கள், தெறிக்காது. குந்த வேண்டாம். ஒரு காலை முன்னே வைத்துக் குனிந்து, பையின் அடியில் திறக்கும் வாலை மேல்நோக்கிப் பிடித்தபடி கிளிப்பைத் திறந்து, மெதுவாகக் கீழே இறக்குங்கள். விரலால் வழித்துவிட்டு, வாலின் உள்ளும் புறமும் துடைத்த பிறகே கிளிப் போட வேண்டும். நான் சட்டை நுனியைத் தூக்கி, துணி காயப்போடும் கிளிப்பால் காலரோடு மாட்டிவிடுவேன். இரண்டு கையும் கிடைக்கும். நீங்கள் முந்தானைக்கு அதையே செய்யலாம்.

வியர்வையில் பை ஒட்டி வயிறு புண்ணாவதற்கு மட்டும் எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.

அவிநாசி தையலகம்:

கல்யாணம் முடிந்து நேற்று திரும்பினேன். அளந்து பார்த்தேன்: நீளம் 31, அகலம் 27. நான் வெட்டிக்கொண்டிருந்தது 42! இப்போது பிளேட் மூன்றாம் நாளும் அசையவில்லை. தோல் சிவப்பு இன்னும் இருக்கிறது, எரிச்சல் இல்லை. கரூரில் கைநடுங்கியது, திருச்சியில் நடுங்கவில்லை. தாலி கட்டும்போது மணமேடைக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

நடத்துநர் அண்ணா, பயணத்துக்கு முன் பழைய மல் துணியில் பைக்கு ஓர் உறை தைத்துப் போட்டுக்கொண்டேன். வாலுக்குக் கீழே மட்டும் திறப்பு விட்டேன். வியர்வை முழுவதையும் துணி வாங்கிக்கொண்டது. உங்கள் பையின் நீளமும் அகலமும், வால் எவ்வளவு என்பதும் எழுதுங்கள். நான்கு தைத்து அனுப்புகிறேன்.