பழைய தோஸ்த்தைக் கொடுத்து இன்ட்ரா எடுக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் 2013 மாடல் அசோக் லேலண்ட் தோஸ்த் மினி லாரியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து டாடா இன்ட்ரா வி30 எடுக்க நினைக்கிறேன். பழைய வண்டிக்கு ஷோரூமில் சொல்லும் விலை கட்டுப்படியாகவில்லை.

ஊர் ஒட்டன்சத்திரம். தினமும் காய்கறி மார்க்கெட் லோடு. முதல் ஓனர், கடன் முடிந்து ஆர்.சி.யில் ஹைப்பாதிகேஷனும் (கடன் கொடுத்தவர் பெயர்ப் பதிவு) நீக்கியாகிவிட்டது. எஃப்.சி. (தகுதிச் சான்று) அடுத்த மாதம் முடிகிறது. எட்டு வருடம் தாண்டிய வண்டி என்பதால் ஆண்டுதோறும் இந்தத் தலைவலிதான்.

மூன்று மாதமாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை. வெயிலில் லோடோடு ஏற்றம் ஏறினால் ஹீட் முள் மேலே போகிறது. வெளியே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை, ஆனால் கூலன்ட் குறைகிறது. ரேடியேட்டர் மூடி, தெர்மோஸ்டாட் மாற்றினோம், இன்ஜெக்டரும் சுத்தம் செய்தோம். பயனில்லை. ஹெட் கேஸ்கட் (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் உள்ள சீல்) போய்விட்டது என்கிறார் மெக்கானிக். பிரித்தால் முப்பதாயிரத்துக்குக் குறையாதாம்.

ஷோரூம்காரர் இன்ஜினைக்கூடப் பார்க்கவில்லை. டயரை ஒரு உதை உதைத்துவிட்டு, எக்ஸ்சேஞ்ச் போனஸோடு சேர்த்து 1.2 லட்சம் என்றார். வெளியில் கேட்ட புரோக்கர்கள் எல்லோரும், "எஃப்.சி. எடுத்துக் கொண்டு வாங்க, இரண்டு லட்சம் வரை பேசலாம்" என்கிறார்கள். புரோக்கர் வாய்ச்சொல்லை எந்த அளவு நம்புவது?

இந்த நிலையில் வண்டி விற்றவர்கள் சொல்லுங்கள்: கேஸ்கட் வேலை பார்த்து எஃப்.சி. எடுத்து வெளியில் விற்பது லாபமா, இருக்கிறபடியே ஷோரூமில் விட்டுவிடுவது லாபமா?