ஒரே ஜாப் இரண்டு தடவை ஓடிய கதை உங்களிடமும் உண்டா?

க்யூ (பின்னணியில் செய்ய வேண்டிய வேலைகளின், அதாவது ஜாப்களின் வரிசை), வொர்க்கர் (அதிலிருந்து ஜாபை எடுத்துச் செய்யும் புரோகிராம்) சமாச்சாரத்தில் நீங்கள் பட்டதைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

வேறொரு குழு எழுதி, எங்கள் கைக்கு வந்த லாராவெல் (பிஎச்பி ஃபிரேம்வொர்க்) ஆப். மாதாந்திர அறிக்கையை பிடிஎஃப் ஆக்கி மெயில் அனுப்பும் ஜாப் ரெடிஸ் (தரவை நினைவகத்தில் வைக்கும் டேட்டாபேஸ்) க்யூவில் ஓடும். "ஒரே அறிக்கை இரண்டு தடவை வந்திருக்கிறது" என்று புகார்கள் வர ஆரம்பித்தன. எல்லோரும் முதலில் மெயில் சர்வரைத்தான் சந்தேகப்பட்டார்கள். ஆனால் புகார் செய்தவர்கள் எல்லோருமே பெரிய கணக்குக்காரர்கள். சின்ன அறிக்கை யாருக்கும் இரண்டாக வரவில்லை. அங்கேதான் துப்புக் கிடைத்தது.

ஒரு ஜாபின் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு லாகில் தேடினேன். 10:02:11க்குத் தொடக்கம். 10:03:41க்கு மறுபடியும் தொடக்கம், வேறு வொர்க்கரில். 10:04:20க்கு முதல் வொர்க்கர் வேலையை முடித்திருக்கிறது. 10:05:11க்கு, அனுமதித்ததைவிட அதிகத் தடவை முயன்றாயிற்று என்று ஒரு எர்ரர். 10:05:50க்கு இரண்டாவது வொர்க்கரும் முடித்திருக்கிறது.

தொடக்கங்களுக்கு நடுவே சரியாக 90 விநாடி. லாராவெலின் க்யூ கான்ஃபிகில் 'ரீட்ரை ஆஃப்டர்' என்பதற்கு டிஃபால்ட் மதிப்பு அதுதான். எடுத்துப்போன வொர்க்கர் அதற்குள் முடிக்கவில்லை என்றால், அது செத்துவிட்டது என்று எண்ணி க்யூ அதே ஜாபை அடுத்தவரிடம் கொடுத்துவிடும். வொர்க்கரின் சொந்த டைம்அவுட் டிஃபால்டாக 60 விநாடி என்பதால் பொதுவாக இந்தச் சிக்கல் எழாது. பெரிய அறிக்கைகள் பாதியில் நிற்கின்றன என்று யாரோ டைம்அவுட்டை 300 ஆக்கியிருக்கிறார்கள். 90ஐத் தொடவில்லை. முயற்சி எண்ணிக்கை 2 என்று இருந்ததால் மூன்றாவது தடவை எர்ரராகி, ஜாப் தோல்விப் பட்டியலில் போய் உட்கார்ந்துகொண்டது. இதுதான் கொடுமை: மெயில் இரண்டு தடவை போய்ச் சேர்ந்துவிட்டது, பட்டியலோ தோல்வி என்கிறது. அதைப் பார்த்து நல்ல மனசோடு 'ரீட்ரை' அழுத்தினால் மூன்றாவது மெயிலும் போகும்.

ரீட்ரை ஆஃப்டரை டைம்அவுட்டைவிடப் பெரிதாக்கினோம். கூடவே வொர்க்கர்களை ஓடவைத்துக் கண்காணிக்கும் சூப்பர்வைசரையும் பார்க்க வேண்டியிருந்தது. நிறுத்தச் சொன்ன பிறகு டிஃபால்டாக 10 விநாடிதான் பொறுக்கும், அப்புறம் வொர்க்கரைக் கொன்றுவிடும். ஒவ்வொரு டிப்ளாயிலும் (புதிய கோடை ஏற்றும்போது) நீண்ட ஜாப்கள் நடுவில் அறுபட்டுக்கொண்டிருந்தன.

அப்படியும் இரட்டை ஓட்டத்தை முழுக்க ஒழிக்க முடியாது. பெரும்பாலான க்யூக்கள் தரும் உறுதி "ஒரு தடவையாவது ஓடும்" என்பதே. அதனால் கணக்கு எண், மாதம் இரண்டுக்கும் சேர்த்து யூனிக் இன்டெக்ஸ் (ஒரே ஜோடியை இரண்டாவது தடவை எழுத விடாது) போட்ட ஒரு டேபிளில் முதலில் வரி எழுதி, எழுத முடிந்தால்தான் மெயில் என்று மாற்றினோம். வரி எழுதிய கையோடு வொர்க்கர் செத்தால் மெயில் போகாது. அறிக்கைக்கு அது பரவாயில்லை, கேட்டால் மறுபடி அனுப்பிக்கொள்ளலாம். பணம் எடுக்கும் ஜாப் என்றால் இப்படி விட முடியாது. பேமென்ட் சேவைக்கே ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனியாக, மறுபடி முயன்றாலும் மாறாத ஒரு சாவியை அனுப்ப வேண்டும்.

---

பதில்:

எங்களுடையது செலரி (பைத்தானுக்கான க்யூ நூலகம்), புரோக்கர் (ஜாப்களை வைத்திருந்து வொர்க்கர்களிடம் கொடுப்பது) ரெடிஸ். சந்திப்புக்கு முந்தைய நாள் நினைவூட்டல் அனுப்ப, ஜாபை கவுன்ட்டவுன் (இத்தனை நேரம் கழித்து ஓடு) வைத்து க்யூவில் போட்டிருந்தார்கள். ஒரே ஆளுக்கு ஒரே செய்தி சரமாகப் போனது. ரெடிஸ் புரோக்கரில் விசிபிலிட்டி டைம்அவுட் (ஒப்புதல் வராத ஜாபை மறுபடி கொடுக்குமுன் பொறுக்கும் நேரம்) டிஃபால்டாக 1 மணி நேரம். வொர்க்கர் அந்த ஜாபை வாங்கி நினைவில் வைத்துக் காத்திருக்கும், ஒப்புதல் தராது. மணி ஒன்று கடந்ததும் அது இன்னொரு வொர்க்கருக்கும் போகும். காத்திருப்பு நீள நீளப் பிரதிகள் கூடிக்கொண்டே போகும்.

டைம்அவுட்டைக் கூட்டினால் அடங்கும்தான். ஆனால் அப்புறம் ஒரு வொர்க்கர் திடீரென்று செத்தால் அதன் கையிலிருந்த ஜாப் திரும்பிவரவும் அவ்வளவு நேரம் ஆகும். நாங்கள் நேரத்தை டேட்டாபேஸில் எழுதிவைத்து, நிமிடத்துக்கு ஒரு தடவை "இப்போது அனுப்ப வேண்டியவை எவை" என்று பார்த்து க்யூவில் போடுகிறோம். யாராவது சந்திப்பை ரத்து செய்தாலும் ஒரு வரியை அழித்தால் போதும். நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதை க்யூவுக்குள் வைப்பதே எனக்குப் பிடிக்காத பழக்கம். அமேசானின் க்யூ சேவையான எஸ்க்யூஎஸ்ஸில் ஒரு செய்தியைத் தாமதிக்க உச்சவரம்பே 15 நிமிடம்தான்.

---

பதில்:

இரண்டு தடவை ஓடுவது இருக்கட்டும், சீக்கிரமே ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? டிரான்சாக்‌ஷனுக்குள் (எல்லாம் ஒன்றாகப் பதிவாகும், இல்லையேல் எதுவும் பதிவாகாது) ஆர்டரைச் சேமித்து, அதற்குள்ளேயே ஜாபையும் போடுவார்கள். வொர்க்கர் சும்மா இருந்தால், கமிட் (உறுதியாகப் பதிவு) ஆவதற்குள் ஜாபை எடுத்து "அப்படி ஒரு ஆர்டரே இல்லை" என்று சொல்லும். ரீட்ரையில் சரியாகிவிடுவதால் யாரும் கண்டுகொள்வதில்லை. டிரான்சாக்‌ஷன் ரோல்பேக் (ரத்து) ஆனால்தான் வேடிக்கை: இல்லாத ஆர்டரைத் தேடி சைட்கிக் (ரூபிக்கான க்யூ நூலகம்) டிஃபால்டாக 25 தடவை, கிட்டத்தட்ட மூன்று வாரம் அலையும். கமிட் ஆன பிறகே ஜாபைப் போட, ஜாங்கோவில் (பைத்தான் ஃபிரேம்வொர்க்) 'ஆன் கமிட்', லாராவெலில் 'ஆஃப்டர் கமிட்' என்று வழி இருக்கிறது. க்யூவே அதே டேட்டாபேஸில் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 9.5 பதிப்பில் 'ஸ்கிப் லாக்டு' (வேறொருவர் பிடித்துள்ள வரியைத் தாண்டி அடுத்ததை எடுப்பது) வந்த பிறகு சின்ன, நடுத்தர ஆப்களுக்குத் தனி ரெடிஸ் அவசியமில்லை என்பது என் கட்சி.

---

பதில்:

எல்லோரும் க்யூவின் நீளத்துக்கு அலாரம் வைக்கிறார்கள். எங்களிடமும் அப்படித்தான் இருந்தது. செய்திமடல் கிளம்பும்போதெல்லாம் அலறும், இரண்டே நிமிடத்தில் காலியாகிவிடும், நாளடைவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருநாள் க்யூவில் வெறும் ஐந்தாறு ஜாப்தான், அலாரமும் வாய் திறக்கவில்லை. ஆனால் எல்லா வொர்க்கர்களும் பதில் தராத ஒரு வெளிச் சேவையிடம் டைம்அவுட் இல்லாமல் காத்துக்கிடந்தன. பாஸ்வேர்டு மாற்றும் மெயிலுக்காக மக்கள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது க்யூவின் தலையில் நிற்கும் ஜாப் எவ்வளவு நேரமாக நிற்கிறது என்பதை மட்டும் அளக்கிறோம். பாஸ்வேர்டு மெயிலுக்குத் தனி க்யூ, தனி வொர்க்கர்: அதில் 30 விநாடி தாண்டினாலே அழைப்பு வரும். செய்திமடலுக்கு ஒரு மணி நேரம் வரை சும்மா விடுகிறோம்.