மொரீஷியஸில் சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டச் சைக்கிள் ஓட்டியவர்களே, மறக்க முடியாத சந்திப்பைச் சொல்லுங்கள்

மாஹேபூர் சைக்கிள்காரர்:
கோவில் இளைஞர்கள் சேர்ந்து மாஹேபூரிலிருந்து கிராண்ட் சாப்ல் வரை கடலோரச் சாலையில் ஓட்டினோமே, அன்று நடந்தது. போலீஸ் அனுமதி, ஆம்புலன்ஸ், கரும்பு லாரி வராத நாள் பார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த பாடுதான். லயன் மலை அடிவாரத்தில் ஒரு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கையைக் காட்டி என்னை நிறுத்தி, உண்டியலில் நூறு ரூபாய் போட்டார். அப்புறம் கிரியோலில் கேட்டார்: "தம்பி, இந்தக் காசு என் காலுக்கா, என் பேத்தி காலுக்கா?" பேத்திக்குத்தான் அம்மா என்றேன். "அப்படியா, அப்போ இன்னொரு நூறு" என்று பர்ஸைத் திறந்தார். திரும்பும்போது தென்கிழக்குக் காற்று முகத்தில் அறைந்தது, அது கூட உறைக்கவில்லை. நான் சொன்ன வார்த்தை பலிக்க வேண்டுமே என்பதுதான் இன்றுவரை என் மனதில்.

கியூர்பீப் வாசி:
அண்ணே, அந்த அம்மாவுக்கு அன்றைக்கே ஒரு நல்ல செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கலாம், இருக்கும் காலாவது தப்பும். நாங்களும் ஆராய்ச்சிக்கென்று திரட்டி ஒரு நிறுவனத்திடம் செக் கொடுத்தோம். போட்டோ எடுத்தார்கள், அதோடு சரி. பணம் போட்ட பெரியவர் ஒருவர் கடைத்தெருவில் என்னைப் பார்த்து, "என்ன கண்டுபிடித்தார்கள் தம்பி?" என்று கேட்டார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்கு நாக்கு எழவில்லை.

பழைய சர்வே ஆள்:
தம்பி கியூர்பீப், செருப்பு வேண்டும்தான், ஆனால் ஆராய்ச்சியை அப்படித் தள்ளாதீர்கள். 1987-ல் தொற்றா நோய் சர்வே வந்தபோது வரிசையில் நின்றவன் நான். வெறும் வயிற்றில் ரத்தம், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம். பக்கத்தில் நின்ற சீனக் கடைக்காரர், "இது உங்கள் ஆட்கள் நோய், எனக்கு ஏன் ஊசி?" என்று சிரித்தார். ரிசல்ட் வந்த நாளில் அந்தத் தாளை மடித்து மடித்து அவர் சட்டைப் பைக்குள் திணித்ததை நான் பார்த்தேன். இந்திய வம்சாவளி, கிரியோல், சீனர் என்று எல்லோரிடமும் நோய் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தது என்று அந்தச் சர்வேதான் காட்டியது. அந்தக் காலத்தில்தான் அரசு ரேஷன் எண்ணெயைப் பாமாயிலிலிருந்து சோயாவுக்கு மாற்றியது. 1992-ல் திரும்ப அளந்தார்கள். சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-க்கு இறங்கியிருந்தது. சர்க்கரை இறங்கவில்லை, அது உண்மை. அதனால்தான் இன்னும் பணம் வேண்டும் என்கிறேன்.

வாக்வா நர்ஸ்:
நுவெல் பிரான்ஸ் ஊர் ஏற்றத்தில் இன்சுலின் போடும் ஒரு அண்ணன் சர்க்கரை இறங்கிப்போய் வியர்த்து வழிந்து, பேச்சுக் குழறி, இறங்கவே மாட்டேன் என்று ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். நானும் இன்னொரு பையனும் விரல்களைப் பிரித்தெடுத்தோம். ஆகவே ஏற்பாடு செய்கிறவர்கள் கேளுங்கள். கிளம்பும் முன் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள், லிட்டருக்கு 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகுதான் சீட்டில் உட்கார வேண்டும். சைக்கிள் நாளில் தொடையில் இன்சுலின் போட வேண்டாம், வேலை செய்யும் காலில் மருந்து வேகமாக ஏறும். வழியில் 4-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதிக்கும். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறிய பிறகு பிஸ்கட். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டுக்குப் போன பிறகு இரவிலும் இறங்கலாம், மனைவியிடமும் சொல்லி அனுப்புங்கள். பின்னால் வரும் கடைசி வண்டியில் சர்க்கரை பார்க்கும் மீட்டர் இல்லாமல் பயணத்தைத் தொடங்கவே கூடாது.

கியூர்பீப் வாசி:
ஐயா, 1987 கணக்கை ஒத்துக்கொள்கிறேன். அது அரசாங்கம் நடத்தியது, முடிவும் வெளியே வந்தது. நான் கேட்பது எங்கள் செக்கைப் பற்றி. இனி எந்த ஆய்வுக்கு, எத்தனை வருடத்துக்கு, எப்போது கணக்குச் சொல்வீர்கள் என்று கடிதம் வாங்கிக் கோவில் பலகையில் ஒட்டிய பிறகுதான் நான் உண்டியல் தூக்குவேன். மாஹேபூர் அண்ணே, உங்கள் பணத்துக்கு அப்படி ஏதாவது கடிதம் வந்ததா?