மென்பொருள் பதிப்புரிமை: ‘எக்ஸாஸ்ஷன்’ தமிழில் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம். பன்னாட்டு வணிகச் சட்டப் பாடநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் இடறுகிறது. மென்பொருளின் ஒரு படியை விற்றபின், வாங்கியவர் அதை மறுவிற்பனை செய்வதை உரிமையாளர் தடுக்க முடியாது. இதுவே எக்ஸாஸ்ஷன் (exhaustion). ‘உரிமைத் தீர்வு’ என்று எழுதினேன். உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸின் 6ஆம் பிரிவில் மாட்டிக்கொண்டது: ‘3, 4ஆம் பிரிவுகளுக்கு உட்பட்டு, பிணக்குத் தீர்வில் உரிமைத் தீர்வு பற்றிய வினாவை எழுப்பலாகாது.’ ஒரே வரியில் இரண்டு தீர்வு!

--

> ஒரே வரியில் இரண்டு தீர்வு!

‘உரிமை ஒழிவு’ என்றால் முடிந்தது.

--

ஒழிவு கூடாது ஐயா. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009 மென்பொருள் பணிப்பாணை, 4(2): முதல் விற்பனையோடு அந்தப் படியின் விநியோக உரிமைதான் போகும், வாடகைக்கு விடுவதைக் கட்டுப்படுத்தும் உரிமை நிற்கும். படியெடுக்கும் உரிமையும் அப்படியே. 2012இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் யூஸ்டுசாஃப்ட்–ஆரக்கிள் தீர்ப்பு இதைத் தெளிவாக்கியது. காலவரம்பில்லாத உரிமத்தில் பதிவிறக்கிய படியையும் விற்கலாம். ஆனால் விற்பவர் தம் கணினியில் இருப்பதை அப்போதே பயன்படாதபடி செய்துவிட வேண்டும். இல்லையேல் படியெடுப்பு மீறல். 25 பேருக்கான உரிமத்தில் 10 இடம் மிச்சமென்று பிரித்து விற்கவும் முடியாது.

என் பரிந்துரை ‘உரிமையறுதி’. அறு+தி, உறுதி, கெடுதி போல. குளம் அற்றது என்றால் நீர்தான் வற்றியது, குளம் ஒழியவில்லை. அறுதிக் கிரையம் (முழு விற்பனை) பத்திரங்களில் வாழும் சொல்.

--

மாணவர் அதை ‘அறுதியான உரிமை’ என்றே படிப்பார், நேர் எதிர்ப்பொருள். தூய்மை பார்த்துப் புரியாமல் போவதா? ‘தீர்தல்’ என்று தொழிற்பெயராக விடுங்கள். எண்ணெய் தீர்ந்தது, உரிமை தீர்ந்தது. மூதுரையின் ‘உற்றுழித் தீர்வார்’ (துன்பம் வந்தபோது நீங்குவோர்) என்பதில் தீர்தல் நீங்குதல்தானே? படியை விட்டு உரிமை நீங்குகிறது.

--

‘முதல் விற்பனைக் கோட்பாடு’ எல்லார்க்கும் புரியும்.

--

புரியும், போதாது. எந்த நாட்டில் விற்றால் உரிமை தீரும் என்பதே வணிகத்தில் சிக்கல். உள்நாட்டில் மட்டுமா, வட்டாரத்திலா, உலகில் எங்கும் விற்றாலா? அதை டிரிப்ஸ் நாடுகளிடமே விட்டுவிட்டது. ‘பன்னாட்டு உரிமை தீர்தல்’ என்று அடை சேரும். ‘பன்னாட்டு முதல் விற்பனை’ என்றால் ஏற்றுமதி போலிருக்கிறது.

--

பெரும்பாலோர் ‘தீர்தல்’ பக்கம். முதல் இடத்தில் ‘விநியோக உரிமை தீர்தல்’, பிறகு ‘உரிமை தீர்தல்’ என்று போடுகிறேன். விநியோகம் வடசொல் என்போருக்கு: ‘பகிர்மானம்’ என்றால் மின்சாரம்தான் நினைவுக்கு வருகிறது. ‘அறுதி’ அடிக்குறிப்பில்.

--

அடிக்குறிப்பிலும் வேண்டாம் என்பேன். அறுதிக் கிரையத்தில் விற்றவருக்கு எதுவும் மிஞ்சாது. இங்கே வாடகை உரிமை மிஞ்சுகிறதே.