மரணசாதனத்தை (உயிலை)க் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

கோண்டாவில் பிள்ளை:
பெரியப்பாவின் அந்தியேட்டி, அதாவது முப்பத்தோராம் நாள் சடங்கு அன்று நடந்தது. பந்தி முடிந்து இலைகூட எடுக்கவில்லை, மச்சான் விறாந்தையில் நின்று மரணசாதனத்தை வாசித்துவிட்டார். பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. கூடப்பிறந்தவர்கள் அப்பாவும் மாமியும்தான். ஆறு பரப்பு வளவும் வீடும் முழுக்க மாமியின் மகனான மச்சானுக்கே என்று வாசித்தார். அப்பா ஒரு கையில் கண்ணாடியை எடுத்துக்கொண்டு மற்றக் கையை நீட்டினார். "தம்பி, ஒருக்காத் தா, பார்த்திட்டுத் தாறன்." மச்சான் கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானையும் போட்டார். "எல்லாம் முறையாத்தான் இருக்கு மாமா." அப்பாவின் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. போன வருடம் அப்பாவும் போய்விட்டார். அதைப் பார்க்க அவருக்கு உரிமை இருந்ததா இல்லையா?

மீசாலை:
இருந்தது. எங்கள் அம்மம்மாவின் மரணசாதனத்தை மாமா காட்டவே இல்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனேன். மரணசாதன வழக்கு அங்கே போட்டிருந்தார்கள், வழக்கிலக்கம் சொன்னதும் கோப்பு வந்தது. அம்மா கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தா. அம்மம்மா 'ம்' புள்ளியைச் சின்ன வட்டமாகப் போடுவா, அது அப்படியே இருந்தது. எங்களுக்கு ஒரு சதமும் எழுதவில்லை. ஆனால் அன்று இரவுதான் அம்மா நித்திரை கொண்டா.

அராலி:
மீசாலை, பார்த்ததோடு விட்டது பிழை. எங்கள் அப்பப்பா தன் மரணசாதனத்தில் அப்பாச்சியின் சீதனக் காணியையும் சேர்த்து எழுதியிருந்தார். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் சீதனம் பெண்ணின் சொந்தச் சொத்து, புருசன் அதை எழுதிவைக்க ஏலாது. பழைய சீதன உறுதியைக் கொண்டுபோய்க் காட்டினோம், அந்தத் துண்டு தப்பியது.

கோண்டாவில் பிள்ளைக்கும் சொல்கிறேன். உயிரோடு இருக்கும் ஆள் எழுதியதைப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. இறந்த பிறகு கதை வேறு. யார் கையில் இருக்கிறதோ அவர் அதை நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும், சட்டைப் பையில் வைத்திருக்க முடியாது. வழக்குப் போட்டால் பத்திரிகையிலும் அறிவித்தல் வரும், அதைத் தவறவிடாதீர்கள். ஆட்சேபனை இருந்தால் அந்த வழக்கிலேயே சொல்ல வேண்டும். முதலில் சாட்சிகளைப் பாருங்கள். நொத்தாரிஸ் (உறுதி எழுதும் சட்டத்தரணி) முன்னால் எழுதியதென்றால் இரண்டு சாட்சி, நொத்தாரிஸ் இல்லாவிட்டால் ஐந்து சாட்சி வேண்டும். இலங்கையின் 1840 ஆம் ஆண்டுச் சட்டம் அது, இன்றைக்கும் அதுதான். "கூடப்பிறந்தவனை விட்டிட்டு எழுதினது செல்லாது" என்று சண்டைக்குப் போகாதீர்கள். 1844 சட்டத்தின்படி ஒருவர் தன் சொத்தை விரும்பிய ஆளுக்கு எழுதலாம், பெற்ற பிள்ளையையே விடலாம். கேட்க வேண்டியது, கையெழுத்து அவருடையதா, சுய நினைவோடு போட்டாரா, சாட்சி சரியா என்பதுதான். மரணசாதனத்தை நிறைவேற்றுகிறவர் சொத்துப் பட்டியலும் கணக்கும் நீதிமன்றத்துக்குக் கொடுக்க வேண்டும், பங்குள்ளவர்கள் அதைக் கேட்கலாம். ஒரு சட்டத்தரணியோடு கதையுங்கள்.

மீசாலை:
அராலி அண்ணா, விட்டது பிழை என்று சொல்லாதீர்கள். அது அம்மம்மாவின் சொந்தக் காணி, அவவின் விருப்பம். அம்மாவுக்குக் காணி தேவைப்படவில்லை.

கனடா ஸ்காபரோவிலிருந்து:
நான் அண்ணாவை நம்பி, எனக்குப் பதிலாகச் செயற்பட அவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பினேன். வீடு விற்றாயிற்று என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும். கணக்குக் கேட்டேன், "எங்களை நம்பேல்லையோ" என்றார். அதன் பிறகு தொலைபேசியே எடுப்பதில்லை.

கோண்டாவில் பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி. இன்று காலை யாழ்ப்பாணம் நீதிமன்றத்துக்குப் போய்ப் பெரியப்பாவின் பெயரைச் சொல்லித் தேடச் சொன்னேன். அவர்கள் பொறுமையாக மூன்று வருடத்துப் பதிவையும் பார்த்தார்கள். அந்தப் பெயரில் வழக்கு ஒன்றும் இல்லை. வளவில் மதில் எழும்பிவிட்டது. அப்பாவின் கண்ணாடியை எடுத்து வைத்திருக்கிறேன், நாளைக்கு மச்சான் வீட்டுக்குப் போகிறேன்.