‘மேலமாசி வீதி வீட்டார்’ குழு: அமெரிக்காவில் வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் விருந்து

செவ்வாய், நவம்பர் 25

இரவு 7:38
செல்வி: வியாழக்கிழமை மதியம் 2 மணிக்கு எல்லாரும் ஷ்ரூஸ்பரிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். யார் என்ன கொண்டு வருகிறீர்கள் என்று இப்போதே சொல்லுங்கள். போன வருடம் மாதிரி மூன்று வீட்டிலிருந்தும் பூசணி பை வேண்டாம்.

மலர்: பீன்ஸ் பொரியல், அப்பளம்

கார்த்தி: பீர்

செல்வி: அது மட்டுமா?

கார்த்தி: ஐஸும்

ரவி: மாப்பிள்ளை, இந்த முறை பீர் பொறுப்பு என்னுடையது. எல்லாம் வாங்கி அடுக்கியாச்சு.

மலர்: அத்தான் ஆரம்பித்துவிட்டார்

இரவு 7:51
ரவி: நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இந்த விருந்துக்கு வைன்தான் வைக்கவேண்டும் என்று ஊரே சொல்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வான்கோழியின் நெஞ்சுக்கறி வறட்டுக் கறி. தோல் மட்டும் நெய்ப்பசையோடு முறுகி நிற்கும். கூடவே கிரேவி, வெண்ணெய் ஊற்றிய உருளைக்கிழங்கு மசியல், புளிப்பும் இனிப்புமாகக் கிரான்பெரி. இத்தனையும் ஒரே தட்டில். பீரின் நுரை ஒவ்வொரு மடக்குக்கும் நாக்கில் படிந்த கொழுப்பைத் துடைத்துவிடும். தோல் சிவக்கும்போது அடுப்பிலிருந்து ஒரு வாசனை வருமே, பீருக்கான மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, வறுக்கும்போதும் அந்த ஜாதி வாசனைதான் வரும். அதனால் நான் வாங்கியிருப்பது சேசான் டூபான் என்ற பீர், ஆல்கஹால் 6.5 சதவீதம். பெல்ஜியத்தில் பண்ணையாட்களுக்குக் கொடுப்பதற்காகக் குளிர்காலத்தில் காய்ச்சி வைத்த வகை. அதன் ஈஸ்ட்டிலேயே ஒரு மிளகு வாசனை உண்டு. அத்தை மிளகும் சோம்பும் அரைத்துத் தடவப் போகிறார்கள், இல்லையா? இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

கார்த்தி: யாராவது சுருக்கிச் சொல்லுங்கள்

நிலா: பீர் நல்லது என்கிறார் அப்பா

கார்த்தி: மச்சான், நான் சார்ல்டன் வரை போய் ட்ரீ ஹவுஸ் பீர் ஆலை வரிசையில் நின்று அவர்களுடைய ஜூலியஸ் ஐபிஏ 12 கேன் வாங்கி வைத்திருக்கிறேன். அதை என்ன செய்ய?

ரவி: ஐபிஏ வேண்டாம் மாப்பிள்ளை, அது ஹாப்ஸ் பூ தூக்கலாகப் போட்ட பீர். அத்தை பச்சைமிளகாயும் சேர்ப்பார்கள். காரத்தோடு ஹாப்ஸ் கசப்பு சேர்ந்தால் வாய் இன்னும் எரியும்.

கார்த்தி: இதில் கசப்பே இல்லை. மாம்பழ ஜூஸ் மாதிரி இருக்கும்

ரவி: அப்படியென்றால் மாம்பழ ஜூஸே குடிக்கலாமே

மலர்: 😂

இரவு 7:58
பாண்டி சித்தப்பா: 🌹 இனிய காலை வணக்கம் 🌹

பாண்டி சித்தப்பா: என்னப்பா விடியற்காலையில் பீர்? இங்கே மணி ஆறரை. வான்கோழி என்றால் பிரியாணி போடுங்கள், தயிர் வெங்காயம் போதும்.

ரவி: மாமா, முழுசாக ஓவனில் வைப்பதுதான் இங்கே வழக்கம்.

பாண்டி சித்தப்பா: போன வருடமும் முழுசாகத்தானே வைத்தீர்கள்?

மலர்: 🙈

கார்த்தி: உள்ளே பச்சையாக இருந்தது சித்தப்பா. அம்மா ராத்திரி ஒன்பது மணிக்கு வெட்டிச் சுக்கா வறுத்தார்கள். உண்மையைச் சொன்னால் அதுதான் நன்றாக இருந்தது

செல்வி: இந்த வருடம் தெர்மாமீட்டர் வாங்கியிருக்கிறேன். வான்கோழித் தொடையில் குத்தி 165 ஃபாரன்ஹீட் காட்டினால்தான் வெளியே எடுப்பேன்.

பாண்டி சித்தப்பா: குடிக்கிறவர்கள் அளவோடு குடியுங்கள்

கார்த்தி: இதை யார் சொல்கிறார் பாருங்கள். மலர் கல்யாணம். மண்டபத்துக்குப் பின்னால். டிக்கி.

பாண்டி சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பாண்டி சித்தப்பா: என் பேர் மட்டும் எப்போதும் வரும். டிக்கி திறந்திருந்தது யாருடைய கார் என்று அவனையே கேளுங்கள்.

மலர்: பதினோரு வருடம் ஆச்சு. விடுங்கள் இரண்டு பேரும்

செல்வி: அம்மா இந்தக் குழுவில் இருக்கிறார்கள், ஞாபகம் இருக்கட்டும்.

அம்மா: 🎤 1:12

மலர்: பாப்பா தூங்குகிறாள், கேட்க முடியாது. அம்மா என்ன சொல்கிறார்கள்?

செல்வி: ‘உங்க அப்பா இருந்திருந்தால்’ என்று ஆரம்பிக்கிறது. ரசத்தில் முடிகிறது.

நிலா: அம்மாச்சி முன்னாலேயே குடிக்கப் போகிறீர்களா?

கார்த்தி: எவர்சில்வர் டம்ளர் இருக்கிறதே

ரவி: டம்ளரா! சேசானுக்கு அடி அகன்ற கண்ணாடிக் கோப்பை வேண்டும். ரொம்ப ஜில்லென்றும் இருக்கக்கூடாது, வாசனை வராது.

செல்வி: போன வருடம் ஆப்பிள் ஜூஸ் என்று சொல்லி டம்ளரில்தான் ஊற்றினீர்கள். அம்மா ஒரு வாய் கேட்டார்கள். அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

ரவி: இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? 1620இல் இங்கிலாந்திலிருந்து மேஃப்ளவர் கப்பலில் குடியேற வந்தவர்கள் பிளிமத்தோடு நின்றதற்கு ஒரு காரணமே கையிருப்பு பீர் தீர்ந்துகொண்டு வந்ததுதான். அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். தேங்க்ஸ்கிவிங்குக்கு மூலம் என்று சொல்லும் அவர்களுடைய 1621 விருந்தைப் பற்றிய கடிதத்தில் மான் ஐந்து என்று எண்ணிக்கை இருக்கிறது, ஆனால் வான்கோழி என்ற பேரே இல்லை. வெறுமனே பறவைகள் என்றுதான் இருக்கிறது.

மலர்: அப்போ வான்கோழியை விட்டுவிட்டு பீரை மட்டும் வைத்துக்கொள்ளலாம் 😂

கார்த்தி: மயிலைப் பார்த்த வான்கோழி நாம்தான்

மலர்: நான் திரும்பி நாஷுவா வரை வண்டி ஓட்டணும். எனக்கு ஆல்கஹால் இல்லாத கின்னஸ் 0.0. நாளைக்கு இங்கே நியூ ஹாம்ப்ஷயரிலேயே வாங்கிவிடவா? வரி கிடையாது

ரவி: இங்கே மாசசூசெட்ஸிலும் கடையில் வாங்கும் மதுவுக்கு விற்பனை வரி கிடையாது. 2010 தேர்தலில் வாக்கெடுப்பு வைத்து எடுத்தார்கள். ஆனால் வியாழக்கிழமை இங்கே மதுக்கடை சட்டப்படி மூடல், சூப்பர்மார்க்கெட்டும் மூடல். எதுவாக இருந்தாலும் நாளைக்குள் வாங்குங்கள்.

கார்த்தி: கேட்டது ‘வாங்கவா’ என்று மட்டும்தான்

இரவு 8:21
செல்வி: ஒரு நிமிடம். கீழ் ஃபிரிட்ஜில் இருந்த வான்கோழி எங்கே?

செல்வி: ரவி

செல்வி: ஃபிரிட்ஜ் முழுக்க பாட்டில்தான் இருக்கிறது

நிலா: அப்பா ‘டைப்பிங்’ என்று மூன்று நிமிடமாகக் காட்டுகிறது

ரவி: 750 மில்லி பாட்டில், நிற்க வைத்தால்தான் வண்டல் அடியில் தங்கும். இடம் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அதை மறுபடி ஃபிரீசரில் வைத்தேன். இன்றைக்கு வெளியே எடுக்கலாம் என்றிருந்தேன்.

செல்வி: 16 பவுண்டு. தட்டினால் கதவைத் தட்டுவது போலக் கேட்கிறது.

நிலா: ஃபிரிட்ஜில் உருக 4, 5 பவுண்டுக்கு ஒரு நாள் ஆகுமாம். நம்மிடம் ஒன்றரை நாள்தான் இருக்கிறது

மலர்: 😱

கார்த்தி: பச்சைத்தண்ணீரில் உறையோடு முக்கி வையுங்கள். பவுண்டுக்கு அரை மணி, மொத்தம் எட்டு மணி நேரம். ஆனால் அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றணும், உருகியதும் உடனே சமைக்கணும்

செல்வி: அப்போ நாளை ராத்திரி 11 முதல் வியாழன் காலை 7 வரை. தண்ணீர் மாற்றுவது யார்?

மலர்: பீர் பொறுப்பு யாரோ அவர்

கார்த்தி: 👍

பாண்டி சித்தப்பா: மாப்பிள்ளைக்கு நான் போன் போட்டு எழுப்பிவிடுகிறேன். எனக்கு அப்போது பகல்தான்.

ரவி: நன்றி மாமா 🙏

கார்த்தி: ஒரு பாட்டில் உடைத்து வைத்துக்கொண்டால் தூக்கம் வராது மச்சான்

செல்வி: ஒன்றும் உடைக்கவேண்டாம். போன வருடம் கார்க் பறந்து உடைந்த விளக்கையே இன்னும் மாற்றவில்லை.

கார்த்தி: ஜூலியஸ் கொண்டு வரவா, வேண்டாமா? யாரும் சொல்லவில்லை

ரவி: கொண்டு வா. கராஜில் வைக்கலாம். ஃபிரிட்ஜில் இடம் இல்லை.

செல்வி: இப்போது மட்டும் கராஜ் ஞாபகம் வருகிறதா?

அம்மா: 🎤 0:06

நிலா: இந்த வருடமும் ஆப்பிள் ஜூஸ் உண்டா என்று அம்மாச்சி கேட்கிறார்கள்

கார்த்தி: 😶

மலர்: அப்பளம் பொரித்துக் கொண்டு வரவா, அங்கே வந்து பொரிக்கவா?