கொக்கிப் பின்னல், கண்ணி, தூண்: குரோஷேக்குச் சில சொற்கள்

வணக்கம் நண்பர்களே,

தமிழ்ச் சொல் தேடும் நம் மின்மடல் இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்தேன். கொக்கி வைத்த ஒற்றை ஊசியால் நூலைப் பின்னும் கலைக்கு ஆங்கிலத்தில் குரோஷே என்று பெயர்; அந்த ஒரு சொல்லுக்கு இணை தேடுவதிலேயே நாம் நின்றுவிட்டோம். எனக்கு அந்தப் பெயரைவிட அதற்குள்ளே இருக்கும் சின்னச் சின்னச் சொற்கள்தான் அவசரமாக வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

கோத்தகிரியில் இருக்கும் என் தங்கைக்கு ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. பிறப்பதற்கு முன் புதுத்துணி எடுக்கக் கூடாது, முதலில் சுற்றுவது பழைய வேட்டித் துணிதான் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் சேதி வந்த பிறகுதான் ஊசியைக் கையில் எடுத்தேன். மலைக் குளிருக்கு ஒரு தொப்பி, காலுறை, அப்புறம் ஒரு போர்வை. தொப்பிக்கு ஆங்கிலக் குறிப்பு ஒன்றைப் பார்த்துப் பின்னினேன். ‘டபுள் குரோஷே’ என்று வந்த இடமெல்லாம் நான் கற்றபடி நூலை ஒருமுறை ஊசியில் சுற்றி, உயரமாகப் போட்டேன். முடித்துப் பார்த்தால் தொப்பி இரண்டு மடங்கு உயரம், விரல் நுழையும் ஓட்டைகள். குறிப்பு பிரிட்டிஷ் முறையில் எழுதப்பட்டது; நான் கற்றது அமெரிக்க முறை. நாலு நாள் வேலையைப் பிரித்துப் போட்டேன்.

குரோஷே போடுகிறவர்களுக்கு இது தெரிந்த தொல்லை. அமெரிக்கர் ‘ஸிங்கிள்’ என்பதைப் பிரிட்டிஷார் ‘டபுள்’ என்பார்கள். அமெரிக்கரின் ‘டபுள்’ அங்கே ‘டிரெபிள்’ (மும்மை). ஊசியைப் பார்த்தால் இரண்டு கணக்கும் புரியும். நூலை இழுத்து எடுத்ததும் ஊசியில் எத்தனை வளையம் நிற்கிறது என்று எண்ணினால் பிரிட்டிஷ் பெயர் வருகிறது. அந்த வளையங்களை எத்தனை தடவையில் இழுத்து முடிக்கிறோம் என்று எண்ணினால் அமெரிக்கப் பெயர் வருகிறது. இரண்டும் சரிதான். ஆனால் ‘இரட்டைப் பின்னல்’ என்று நாம் மொழிபெயர்த்தால், எந்தக் கணக்கிலிருந்து எடுத்தோம் என்பது யாருக்கும் தெரியாது. அந்தக் குழப்பத்தை அப்படியே தமிழுக்குள் கொண்டுவந்துவிடுவோம். ‘இரட்டை’, ‘மும்மை’ இரண்டும் வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

பிற மொழிகளைப் பாருங்கள். ஜெர்மானியர் அமெரிக்க டபுளைக் ‘குச்சி’ என்கிறார்கள். ரஷ்யர்கள் இன்னும் தெளிவு: அவர்களுக்கு எல்லாமே ‘சின்னத் தூண்’. நூலை ஊசியில் ஏற்றாமல், அதாவது சுற்றாமல், போட்டால் ஏற்றில்லாத் தூண், ஒருமுறை ஏற்றினால் ஏற்றுள்ள தூண், இருமுறை ஏற்றினால் ஈரேற்றுத் தூண். ஜப்பானியர் நீளத்தை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள். கண் பார்ப்பதையும் கை செய்வதையும் வைத்தே இவர்கள் எல்லோரும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம் வீடுகளிலும் இது நடந்ததுதான். வயர்க் கூடை பின்னும் பெண்கள் சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சுகளுக்குப் பெயர் வைத்தபோது எந்தச் சொல்லாக்கக் குழுவையும் கேட்கவில்லை. பார்த்தால் எப்படித் தெரிந்ததோ அப்படி வைத்தார்கள். இன்றும் அந்தப் பெயரைச் சொன்னால் கை தானாக மடக்கும்.

ஆகவே நிமிர்ந்து நிற்கும் இந்தப் பின்னல்களுக்கு என் முன்மொழிவு தூண். முதலில் எனக்குத் தோன்றியது ‘கால்’. பந்தல்கால் போல நிற்கிறது, சொல்லும் சின்னது. ஆனால் பாதி உயரத்துக்கு ஒன்று இருக்கிறதே, அதை ‘அரைக்கால்’ என்றால் தமிழில் எட்டில் ஒரு பங்கு என்று ஆகிவிடும். எண்ணிக்கையே உயிராக இருக்கும் வேலையில் அது ஆகாது. தூண் என்றால் இந்தச் சிக்கல் இல்லை. நூலை ஏற்றாமல் போடுவது குட்டைத்தூண். ஒருமுறை ஏற்றி, மூன்று வளையத்தையும் ஒரே இழுப்பில் முடித்தால் அரைத்தூண். ஒருமுறை ஏற்றி, இரண்டிரண்டாக முடித்தால் வெறும் தூண். இருமுறை ஏற்றினால் ஈரேற்றுத்தூண், அதற்கு மேல் மூவேற்றுத்தூண். ‘நெடுந்தூண்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். காதுக்கு இனிமைதான், ஆனால் அதைவிட நெடியது வரும்போது என்ன செய்வோம்?

நூலை ஊசியில் சுற்றுவதைச் ‘சுற்று’ என்று சொல்லாமல் ‘ஏற்று’ என்கிறேன். வட்டமாகப் பின்னும்போது ஒவ்வொரு வட்டத்தையும் சுற்று என்றுதான் எண்ணுகிறோம். அந்தச் சொல்லை அதற்கு விட்டுவிடலாம்.

அடுத்து, ஆங்கிலத்தில் ‘ஸ்டிச்’ என்பதற்குத் தையலா கண்ணியா என்ற கேள்வி. தையல் என்றால் ஊசி துணியைக் குத்திப் போக வேண்டும். இங்கே குத்துவதற்குத் துணியே இல்லை. நூலின் வளையத்துக்குள் இன்னொரு வளையத்தை இழுக்கிறோம், அவ்வளவுதான். கண்ணி என்பதுதான் அதற்குப் பொருந்துகிறது. சுருக்குப் போட்டு விலங்கு பிடிக்கும் கண்ணியும் இந்தச் சொல்தான், சங்க காலத்தில் தலையில் சூடிய பூவும் இதுதான். பூக்கட்டும் நாரில் விழும் வளையத்தை நினைத்துப் பாருங்கள். ஒன்றோடொன்று கோத்துப் போகும் ஈரடிப் பாட்டுக்கும் நாம் கண்ணி என்றே பெயர் வைத்திருக்கிறோம்.

இதற்கு வந்த ஒரு மறுப்பு என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. வன்னியிலிருந்து எழுதிய நண்பர், கண்ணி என்றதும் தங்களுக்குக் கண்ணிவெடிதான் நினைவுக்கு வருகிறது, குழந்தைச் சட்டைக்கு அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை என்றார். இதை வாதாடி மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. ‘கண்’ என்று சுருக்கலாமா என்று பார்த்தேன். வலைக்கண் என்று சொல்கிறோமே. ஆனால் கண் என்பது ஓட்டை. குழந்தைத் துணியில் ஓட்டையைக் குறிக்கத் தனிச்சொல் கட்டாயம் வேண்டும். கண் பெரிதானால் பிஞ்சு விரல் அதில் மாட்டும், நூல் விரலை இறுக்கும். ‘கண் சிறிதாக இருக்கட்டும்’ என்று குறிப்பில் எழுத வேண்டியிருக்கும். ஆகவே கண்ணியையும் கண்ணையும் பிரித்து வைக்கவே விரும்புகிறேன். ஈழத்து நண்பர்கள் தங்கள் அம்மாக்கள் இந்த வளையத்தை என்ன சொல்லி எண்ணினார்கள் என்று கேட்டு எழுதினால், அந்தச் சொல்லையே முதலில் வைக்கலாம். லேஸுக்கு றேந்தை என்ற போர்த்துகீசியச் சொல்லைத் தமிழாக்கிக்கொண்ட பேச்சு அது. இதற்கும் ஏதாவது ஒரு சொல் இருக்கும்.

மற்றவை சுலபம். தொடக்க முடிச்சுக்கு நம்மிடம் சுருக்கு இருக்கிறது. சங்கிலி சங்கிலியே. வரிசை மாறும்போது உயரத்துக்காகப் போடுவது ஏறுசங்கிலி: குட்டைத்தூணுக்கு 1, அரைத்தூணுக்கு 2, தூணுக்கு 3, ஈரேற்றுக்கு 4. ஆங்கிலத்தில் ‘ஸ்லிப்’ என்பதை ‘நழுவுதையல்’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதில் எதுவும் நழுவுவதில்லை. வளையத்தை இன்னொன்றுக்குள் உருவி எடுத்து இணைக்கிறோம். உருவுகண்ணி என்று வினைத்தொகையாக வைத்தால் இடையில் ஒற்றும் வேண்டாம். 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி விழுகிறது என்ற அளவுக்குக் கைப்பதம். பாகுக்குப் பதம் பார்க்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கடைசியாகக் கலையின் பெயர். வெறும் பின்னல் போதாது. திருப்பூர்க்காரர்கள் பின்னலாடை என்று சொல்வது இரண்டு ஊசிப் பின்னலின் வழியில் எந்திரம் ஓட்டுவதைத்தான். அதை எந்திரம் செய்யும். உண்மையான குரோஷேயைச் செய்யும் எந்திரம் தொழிற்சாலைப் புழக்கத்துக்கு இன்னும் வரவில்லை, கையால்தான் செய்கிறார்கள். வேறுபாடு அவ்வளவு பெரிது. பிரெஞ்சுச் சொல்லுக்குப் பொருளே சின்னக் கொக்கி. ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் எல்லாம் கொக்கியை வைத்தே பெயரிட்டன. ‘ஒற்றை ஊசிப் பின்னல்’ என்றால் தையல் ஊசி நினைவுக்கு வருகிறது. கொக்கிப் பின்னல் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. கடையில் குரோஷா ஊசி என்று கேட்பவர்கள் கேட்கட்டும். குறிப்பில் கொக்கி ஊசி என்று எழுதுவோம். பக்கத்து ஆந்திராவின் நரசாபுரத்தில் இதே வேலையை ‘லேசு அல்லிக’ என்று பாதி சொந்தச் சொல்லோடு சொல்கிறார்கள். 2024இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சொற்கள் வேலை செய்கின்றனவா என்று போர்வையில் சோதித்தேன். ஊரில் இருக்கும் பெரியம்மாவுக்கு ஆங்கிலக் குறிப்பு படிக்க வராது, ஊசி பிடிக்க நன்றாக வரும். தொலைபேசியில் இப்படிச் சொன்னேன்: “பெரியம்மா, சுருக்குப் போட்டு 121 சங்கிலி போடுங்க. கொக்கியிலிருந்து ரெண்டாவது சங்கிலியில ஆரம்பிச்சு ஒவ்வொண்ணுலயும் ஒரு குட்டைத்தூண், மொத்தம் 120. திருப்பி 3 ஏறுசங்கிலி, அதை முதல் தூணா வச்சுக்கோங்க. அடுத்த கண்ணியிலேர்ந்து கண்ணிக்கு ஒரு தூண்.” குட்டைத்தூண் எது என்று ஒரே ஒரு முறைதான் திருப்பிக் கேட்டார். ‘ஏத்தாம போடுறது’ என்றதும், “அதானே, சொல்லு” என்றார். 16 கண்ணிக்கு 10 சென்டிமீட்டர் என்ற கைப்பதத்தில் அகலம் 75 சென்டிமீட்டர் வந்தது, சரியாக.

(போர்வை பின்னுகிறவர்களுக்கு ஒரு சொல்: ஒரு வயது ஆகும்வரை, குழந்தை தூங்கும் இடத்தில் தளர்ந்த போர்வை கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். மடியில் வைத்திருக்கும்போது போர்த்தலாம். என் தங்கையிடமும் சொல்லித்தான் அனுப்பினேன்.)

இனி எனக்குத் திணறலாக இருப்பது ஒன்று. வட்டமாகத் தொடங்கும்போது நூலை விரலில் வளைத்து, அதற்குள் முதல் சுற்றைப் போட்டு, வாலை இழுத்தால் நடு ஓட்டை மூடிக்கொள்கிறதே, அதை ஆங்கிலத்தில் மாய வளையம் என்கிறார்கள். அதில் மாயம் ஒன்றும் இல்லை. சுருக்குப்பையின் வாய் மூடுவதுபோலத்தான். ‘சுருக்கு வளையம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். தொடக்க முடிச்சையும் சுருக்கு என்று சொல்லிவிட்டதால் இரண்டும் மோதுகின்றன. பெரியம்மா இரண்டையும் குழப்பிக்கொண்டார். இதற்கு வேறு சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், தொப்பியை மறுபடி தொடங்க வேண்டும்.

அன்புடன்.